அயல்நாட்டு வயலும் அடுக்களையும்

வேளாண்மைக் கல்லூரிகளிலும் மனையியல் கல்லூரிகளிலும் பயிலும் நம் பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள உணவு முறையையும் பயிர்த்தொழிலையும் காட்டி வருகிறார்களே, இது கல்வியா, களியாட்டமா என்று அங்கத்தினர் சிலர் நம்மிடம் கேட்டு வருகின்றனர். உலக வங்கியின் உதவியோடு இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் கீழ், கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பலர் கடல் கடந்து சென்று பயிற்சி பெற்று வந்தனர். அது பொதுப் பணத்தில் நடந்தது. பெற்றோரே கட்டணம் செலுத்தி அனுப்பும் பயணங்களும் இந்நாளில் உண்டு. அத்தகைய பயணத்துக்காகக் காதிலும் கழுத்திலும் இருப்பதைக் கழற்றி நகைக்கடன் கேட்டு வரும் தாய்மாரைக் காணும்போது, இக்கேள்வியை நகைத்து ஒதுக்கிவிட முடிவதில்லை.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் போகட்டும். ஆனால் போகிற பிள்ளை இந்த ஊரின் கேள்வி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அக்கேள்வியை எழுதிக் கொடுப்பதும், திரும்பி வந்தபின் அதற்குரிய விடையைக் கேட்டு வாங்குவதும் கல்லூரியின் வேலை மட்டுமன்று. நம் போன்ற கூட்டுறவுச் சங்கங்களின் வேலையும் ஆகும். இதுவரை எந்தச் சங்கமும் அதைத் தன் வேலையாகக் கொண்டதாக நமக்குத் தோன்றவில்லை.

அயல்நாட்டுப் பயணத்தால் என்ன விளைந்தது என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். அவர்கள் கையில் வைத்திருக்கும் பங்குப் பத்திரமே அப்படிப்பட்ட ஒரு பயணத்தின் விளைவுதான். சர் பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி நம் கோவை மாவட்டத்தின் மண், கிணறு, பயிர், வரி, குடிமக்கள் ஆகிய யாவற்றையும் ஆராய்ந்து 1887-ஆம் ஆண்டில் ஒரு பெரிய மாவட்ட நூலைத் தொகுத்து வெளியிட்டவர். சென்னை அரசாங்கம் 1892-ஆம் ஆண்டில் அவரையே ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அங்குள்ள உழவர்கள் வட்டிக்காரரின் பிடியிலிருந்து எவ்வாறு மீண்டனர் என்பதைக் கண்டறிந்து வருவதுதான் அவருக்கு இடப்பட்ட பணி. அவர் எழுதிய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. தலையணைக்கு ஆகும் அளவு பருமனான நூல்கள். முழுவதும் படித்தவர் அக்காலத்திலும் சிலரே இருந்திருப்பர். ஆயினும் அவற்றின் சாரம், செர்மனியில் ரைபைசன் காட்டிய வழியை நாடுங்கள் என்பதே. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அவ்வறிக்கை அடிகோலியது. அவ்வாண்டிலேயே திருவள்ளூர்ப் பகுதியில் திரூரில் உழவர்களுக்கான கடன் சங்கமும், நெசவாளர் நிறைந்த காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் தோன்றிவிட்டன.

நிக்கல்சன் கண்டு வந்த அந்த ரைபைசன் வழி எதிலிருந்து பிறந்தது என்று பார்த்தால், அது அடுப்பிலிருந்து பிறந்தது. ரைபைசன் ரைன் ஆற்றுப் பக்கத்தில் ஒரு சிற்றூர்த் தலைவர். 1846, 1847-ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்து மக்கள் பசியால் வாடியபோது, ஊரில் வசதியுள்ளவர்களைக் கூட்டிப் பணம் திரட்டி, மாவு வாங்கி, ஊர்ப் பொதுவில் ஒரு ரொட்டிச் சூளை கட்டினார். ஏழைகளுக்கு ரொட்டி கடனாகக் கொடுக்கப்பட்டது. ரொட்டிச் சங்கமாகத் தொடங்கிய அம்முயற்சி சில ஆண்டுகளில் கடன் சங்கமாக வளர்ந்தது. உண்பதைப் பற்றிய படிப்பு வேறு, உழவைப் பற்றிய படிப்பு வேறு, கூட்டுறவு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிக்கல்சனின் பயணம் பயன் தந்ததற்கு அவருடைய அறிவு ஒன்றே காரணம் என்று நாம் கருதவில்லை. அவர் புறப்படும் முன்பே கோவைச் சீமையின் கிணற்று மேட்டை அறிந்திருந்தார். அடமானம் வைக்க நிலமின்றி, விதைக்கும் எருதுக்கும் முன்பணம் தேடும் குடியானவன் நிலை அவருக்குத் தெரியும். ஆதலின் ஐரோப்பாவில் நூறு காட்சிகள் கண்ணில் பட்டபோதும் வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்க அவரால் முடிந்தது. பிற்காலத்தில் மீன்பிடித் தொழிலை ஆராய ஜப்பானுக்குச் சென்றபோதும் அவர் இம்முறையையே கைக்கொண்டார்.

அவர் ஆளும் இனத்தவர். நம்மவரின் நிலை வேறு என்று சிலர் கூறலாம். நம்மவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் 1925-ஆம் ஆண்டில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தைக் கேள்வியுற்று, மருத்துவம் பயிலும் எண்ணத்தைக் கைவிட்டுக் கோவை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1949-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உதவித்தொகை பெற்று ஆலந்து நாட்டின் வாகனிங்கன் நகருக்குச் சென்று உருளைக்கிழங்கைப் பற்றி ஆராய்ந்தார். பின்னர் கேம்பிரிட்ஜ், அதன்பின் அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று அவருடைய கல்வி நீண்டது. அமெரிக்காவிலேயே தங்கிவிட இடமிருந்தும் 1954-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். அதன்பின் நடந்தது நாடறிந்த கதை. பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்த நாளில், 1966-ஆம் ஆண்டில், 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இந்நாட்டுக்கு வந்து இறங்கியது. விதையை ஆராய்ந்து பரிந்துரைத்தவர்களில் ஒருவர் கோவைக் கல்லூரியின் மாணவர். அதை வாங்கத் துணிந்தவர் கொங்கு நாட்டு உழவர் குடிப் பிள்ளை.

இன்னொருவரையும் இங்கே நினைவுகூரலாம். பால் கூட்டுறவை இந்நாடெங்கும் பரப்பிய வர்கீஸ் குரியன், தந்தையார் கோபிச்செட்டிபாளையத்தில் அரசு மருத்துவராக இருந்தபோது அவ்வூர் வைரவிழாப் பள்ளியில் படித்தவர். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா சென்று பயின்று, 1949-ஆம் ஆண்டில் குசராத்தின் ஆனந்த் என்னும் சிற்றூருக்கு வேண்டா வெறுப்பாக வந்து சேர்ந்தார். எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று அயல்நாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் நாட்டில் எருமை இல்லை. ஆதலின் அந்த வேலை அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. அமெரிக்காவில் உடன் பயின்ற தலாயா என்னும் நண்பரோடு சேர்ந்து குரியன் அதைச் செய்து காட்டினார். வெளிநாட்டார் சொல்வதில் எது அவர்களுடைய நாட்டுக்கு மட்டும் பொருந்துவது என்று அறிந்துகொள்வதும் வெளிநாடு செல்வதன் பயன்களில் ஒன்று.

இனி உணவு முறையைப் பற்றிய படிப்புக்கு வருவோம். 'சாப்பிடக் கற்றுக்கொள்ளக் கப்பலேற வேண்டுமா?' என்று கேலி பேசுவோர் உளர். அடுக்களை எதைக் கேட்கிறதோ அதைத்தான் வயல் விளைவிக்கிறது. நம் கொங்கு நாட்டின் கதையே இதற்குப் போதிய சான்று. கம்மஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் உண்டு வளர்ந்த சீமை இது. அரிசிச் சோறு விருந்துக்கும் நோன்புக்கும் உரியதாக இருந்தது. இன்று சோளம் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கு விதைக்கப்படுகிறது. கம்பங்கொல்லையைத் தேடித்தான் காண வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் கம்பும் தினையும் பளபளக்கும் உறையில் ஏறின. அவற்றை விளைவித்தவனுடைய வீட்டில் அப்பொழுதும் உலையில் கொதித்தது அரிசிதான்.

இதற்குக் காரணம் என்ன? பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் தந்த ஊக்கத்தைப் புன்செய்த் தானியங்களுக்குத் தரவில்லை என்பர். மலிவாகவும் பின்னர் விலையின்றியும் வழங்கப்பட்ட பங்கீட்டு அரிசியைச் சொல்வாரும் உண்டு. இரண்டும் உண்மையே. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அது ஆடவர் வாயில் எளிதில் வராது. கம்பைப் புடைத்து, நீர் தெளித்து, உரலில் இட்டுக் குத்தி, மீண்டும் புடைத்துச் சமைக்கும் பாடு பெண்களின் தோளுக்கே தெரியும். காட்டு வேலை முடித்து வந்தவள் உலக்கையைப் பிடிக்க வேண்டும். சாமை, வரகு, தினை ஆகியவற்றின் உமியை நீக்குவது அதனினும் கடினம். இக்கோவை நகரிலேயே 1950-களின் நடுவில் மாவரைக்கும் இயந்திரம் தோன்றி, இட்லியையும் தோசையையும் அன்றாட உணவாக்கிவிட்டது. சிறுதானியத்துக்கு அத்தகைய உதவி ஊர் மட்டத்தில் நெடுங்காலம் எட்டவில்லை. உலக்கையை விட்ட பெண்ணைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவளுக்கு இயந்திரம் தராதவர்களையே குறை கூறுகிறோம்.

மேற்சொன்ன கேள்வியோடு ஒரு மாணவியை ஜப்பானுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அங்கே சிற்றூர்ச் சாலையோரங்களில் பெட்டிக் கடையை ஒத்த சிறு கொட்டகைகள் உண்டு. உழவன் தவிடு நீக்காத அரிசியை வீட்டில் சேமித்து வைக்கிறான். வேண்டும்போது சிறு மூட்டையாகக் கொணர்ந்து, கொட்டகையிலுள்ள இயந்திரத்தில் காசை இட்டுத் தானே தீட்டிக் கொண்டு போகிறான். எவ்வளவு தீட்ட வேண்டும் என்பதையும் அவனே தீர்மானிக்கலாம். கேள்வி இல்லாமல் போகும் மாணவி கோயிலையும் செர்ரி மலரையும் படம் பிடித்து வருவாள். கொட்டகை கண்ணில் படாது. கேள்வியோடு போகிறவள் வண்டியை நிறுத்தச் சொல்வாள். இயந்திரத்தின் விலை என்ன, யார் அமைத்தார்கள், ஒரு மூட்டைக்கு எத்தனைக் காசு, பழுதானால் யார் வருவார் என்று கேட்டு எழுதி வருவாள். அவள் கொண்டுவரும் அந்த ஒரு பக்கம், நம் சங்கக் கிட்டங்கியின் தாழ்வாரத்தில் சாமைக்கும் வரகுக்கும் ஓர் உமி நீக்கும் இயந்திரம் அமைக்கலாமா என்று முடிவெடுக்க நமக்கு உதவும்.

ஜப்பானில் காணத்தக்கது வேறொன்றும் உண்டு. அங்கே பள்ளிக்கூடத்தில் நண்பகல் உணவைப் பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். உண்ட இடத்தையும் தாங்களே துப்புரவு செய்கிறார்கள். 1954-ஆம் ஆண்டிலேயே பள்ளி உணவுக்கென்று சட்டம் செய்தவர்கள், 2005-ஆம் ஆண்டில் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டமும் செய்தார்கள். அண்டையில் விளைந்ததைப் பள்ளிச் சமையலுக்குக் கொள்வது அவர்களுடைய கொள்கைகளில் ஒன்று. நமக்கு மதிய உணவு புதியதன்று. காமராசர் காலத்தில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கி, 1982-ஆம் ஆண்டில் சத்துணவாக விரிந்து, 2022-ஆம் ஆண்டில் காலை உணவும் சேர்ந்துவிட்டது. இவ்வகையில் பிறர் நம்மிடம் வந்து கற்க வேண்டியதே மிகுதி. ஆனால் அண்டை வயலுக்கும் பள்ளி அண்டாவுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர்கள் எங்ஙனம் குறைத்தார்கள் என்பது நாம் கேட்டறிய வேண்டிய செய்தி. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. 2023-ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ ராகி வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. அந்த ராகியை எந்த ஊர் உழவன் எந்த விலைக்குக் கொடுப்பது என்பது நாளை நம் பேரவையில் எழக்கூடிய கேள்வியாகும்.

நெசவாள அங்கத்தினர்கள், 'இதில் எமக்கு என்ன?' என்று பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். பாவு நூலுக்கு இடும் கஞ்சி அடுப்பிலிருந்து வந்தது என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தறியில் ஏறிய பஞ்சின் கதையும் இதே கதைதான். நம் மண்ணுக்குரிய உப்பமும் கருங்கண்ணியும் விளைந்த இடத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா நாட்டிலிருந்து வந்த பருத்தி பரவியது. அதன் நீண்ட இழை ஆலைகளுக்கு உகந்ததாக இருந்தது. மானாவாரியில் விளைந்த கருங்கண்ணிக்கு மாறாக, அது இங்கே பெரும்பாலும் தோட்டக்கால் நிலத்தில் கிணற்று நீரைக் குடித்தது. பின்னர் 1974-ஆம் ஆண்டில், கோவை ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டு சுஜாதா பருத்தியையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் ஒட்டி உருவான சுவின் என்னும் மிக நீண்ட இழைப் பருத்தி வெளியிடப்பட்டது. இரண்டு பெயரின் முதலெழுத்துகளையும் கோத்து அதற்குப் பெயரிட்டார்கள்.

நெசவாளர் பிள்ளை கண்டு வர வேண்டிய இடம் ஒன்றை நாமே குறிப்பிடுவோம். இத்தாலி நாட்டின் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா பகுதிகளில் பால் உற்பத்தியாளர் செய்யும் பாலாடைக்கட்டி உலகப் புகழ் பெற்றது. அதைச் செய்யும் பாற்பண்ணைகளில் பல கூட்டுறவு முறையில் நடப்பவை. பால் அந்த வட்டாரத்தினுடையதாகவே இருக்க வேண்டும். பதப்படுத்திப் புளிக்க வைத்த தீவனத்தை மாட்டுக்குக் கொடுக்கலாகாது. குறைந்தது 12 மாதம் முதிர வைத்த பின்னரே பெயர் முத்திரை இடப்படும். 1934-ஆம் ஆண்டிலேயே உற்பத்தியாளர் கூடி அமைத்த ஒரு கூட்டமைப்பு அப்பெயரைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறது. அங்குள்ள வங்கி ஒன்று, முதிர்ந்துகொண்டிருக்கும் பாலாடைக்கட்டிச் சக்கரங்களைத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு அதன் ஈட்டின்மேல் கடன் தருகிறது. மஞ்சள் மூட்டையைக் கிடங்கில் வைத்து ஈட்டுக்கடன் பெறும் ஈரோட்டு உழவருக்கு இது விந்தையாகத் தோன்றாது.

நமக்கும் பெயர் முத்திரைகளுக்குக் குறைவில்லை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோவை கோரா பருத்திச் சேலைக்கும் உண்டு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஆயினும் விசைத்தறியில் நெய்த விரிப்புகள் பவானிப் பெயரில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். கைத்தறிக்குச் சில இரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-ஆம் ஆண்டிலேயே வந்தது, முறையீடு நின்றபாடில்லை. பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் போலி ஓடிவிடுமா? இத்தாலியில் போலியைப் பிடிக்கச் சந்தைக்குப் போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், ஒவ்வொரு சக்கரத்துக்கும் உற்பத்தியாளர் செலுத்தும் பங்கு எவ்வளவு என்று ஒரு மாணவன் கேட்டு வந்தால், அது பவானிக்குப் பயன்படும். அவன் பாலாடைக்கட்டியைத் தின்று ருசி பார்த்து வருவதற்கும் நாம் தடை சொல்லவில்லை.

பயணத்தின் தீமையையும் மறைக்கலாகாது. அயல்நாட்டிலிருந்து வருவது எல்லாம் நன்மை அன்று. பட்டு வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு 2008-ஆம் ஆண்டு மறந்திருக்காது. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக அவ்வாண்டில் நம் கோவையில்தான் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தாவிப் படர்ந்தது. மருந்து தெளித்துத் தெளித்துக் கை சலித்தவர் பலர். மல்பெரியை வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு. அதற்குத் தீர்வு வந்ததும் கடல் கடந்துதான். 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, கடுகினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை முறைப்படி இறக்குமதி செய்து, ஆய்ந்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. ஆதலின் வெளிநாடு செல்லும் பிள்ளைகள் ஒரு விதையையோ ஒரு கிளையையோ பெட்டியில் ஒளித்து வருதல் கூடவே கூடாது என்பதைப் பெற்றோர் அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கென்று சட்டமும் தனி நிலையங்களும் உள்ளன.

பிறர் இங்கு வந்து எங்ஙனம் கற்கிறார்கள் என்பதைக் காண நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் போத்தனூர்ச் சந்திப்பிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை போட்டார்கள். அதன் முடிவில் ஏறும் மலையில் கோத்தகிரி இருக்கிறது. அங்குள்ள கீஸ்டோன் அறக்கட்டளையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-ஆம் ஆண்டில் ஒரு களக் கல்வி ஏற்பாட்டைத் தொடங்கின. அமெரிக்க மாணவர் சில மாதங்கள் அங்கே தங்கி, மலைவாழ் பழங்குடி இளைஞரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, அவர்களோடு இணை சேர்ந்து ஊர்களுக்குச் செல்வார்கள். குழந்தைக்குத் தாய் என்ன ஊட்டுகிறாள், காட்டில் என்ன கிடைக்கிறது, தேனீக்கள் எந்தப் பூவை நாடுகின்றன என்பனவெல்லாம் அவர்களுடைய பாடம். பழங்குடி இளைஞர் அங்கே காட்சிப் பொருளாக இல்லை. உடன் பயிலும் மாணவராக இருந்தனர். நமக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே. நம் கல்லூரிகளிலும் இறுதியாண்டு மாணவர் சிற்றூரில் தங்கிப் பணியறிவு பெறும் ஏற்பாடு நெடுநாளாக உண்டு. ஆனால் அமெரிக்கப் பிள்ளை இருளர் குடிலில் கேட்ட கேள்வியை, நம் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பாருவிடமும் ஆத்தாவிடமும் கேட்டதுண்டா? பாட்டியார் கம்பைக் குதிரில் இட்டு எத்தனை மாதம் காத்தார், வண்டு விழாமல் எதைக் கலந்து வைத்தார் என்று தெரியாதவன் இத்தாலியின் கிடங்கில் நின்று எதை ஒப்பிடுவான்?

நாள் குறைந்த பயணங்களைப் பற்றியும் நம் கருத்தைக் கூறிவிட வேண்டும். பத்து நாளில் ஆறு நகரம், நாளுக்கு ஒரு விடுதி, இடையில் ஒரு பண்ணையில் இரண்டு மணி நேரம் என்றால், அதைச் சுற்றுலா என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்துவது நேர்மை. சுற்றுலா செல்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதற்காக நகையை ஈடு வைக்க வேண்டியதும் இல்லை. கல்விக்கென்று கட்டணம் வாங்குவோர், பிள்ளை எந்தப் பண்ணையில் எத்தனை நாள் தங்குவான், யாரிடம் கற்பான், என்ன எழுதித் தருவான் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் கேட்டறிந்த பின்னரே கடன் மனுவில் கையெழுத்திடுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்குவோருக்கும் ஒரு சொல்: உணவைப் பற்றிய கேள்விகளில் பாதிக்கு மேல் அடுக்களைக்குள்தான் விடை இருக்கிறது. எந்த நாடாயினும் அந்தக் கதவு மாணவனை விட மாணவிக்கே எளிதில் திறக்கும்.

உழவர்களும் இப்போது செல்லத் தொடங்கியுள்ளனர். 2025-26-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், முன்னோடி உழவர் 100 பேரை ஜப்பான், சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அந்த நூற்றுவரோடு மொழி அறிந்த மாணவர் சிலரும் சென்றால், கேட்பவன் உழவனாகவும் எழுதுபவன் மாணவனாகவும் அமைந்து இருவருக்கும் பயன் கூடும். பன்னிரண்டாண்டு ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு வரப்பின் மேல் நின்று என்ன கேட்பது என்று தெரியாது. அவனுடைய தகப்பனாருக்கு அது தெரியும். ஆனால் அதை அயல்நாட்டாரிடம் சொல்ல மொழி இல்லை.

சங்கம் செய்யக்கூடியது என்ன என்பதை இனிச் சொல்வோம். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. அது போக, துணைவிதி இடங்கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை, அங்கத்தினர் வீட்டு மாணவர் ஒருவருக்கோ இருவருக்கோ வழங்கலாம். முழுச் செலவையும் ஏற்க நம்மால் ஆகாது, ஏற்கவும் வேண்டாம். தொகை பெறுவோர் புறப்படும் முன் இரண்டு வாரம் நம் எல்லைக்குள் தங்க வேண்டும். ஒரு வாரம் தோட்டத்திலும் சந்தையிலும், ஒரு வாரம் தறிக்கூடத்திலும் நியாய விலைக் கடையிலும் கழியட்டும். திரும்பிய பின் அறிக்கையைத் தமிழில் எழுதிப் பேரவையில் படித்து, அங்கத்தினர் கேட்பனவற்றுக்கு நின்று விடை சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கல்லூரியில் கொடுத்தோம் என்பதை நாம் ஏற்க மாட்டோம். நிக்கல்சனின் இரண்டு பெருந்தொகுதிகளும் ஆங்கிலத்தில் இருந்தபடியால், எந்தக் குடியானவனுக்காக அவை எழுதப்பட்டனவோ அவன் அவற்றை ஒருநாளும் படிக்கவில்லை.

கேள்விகளைத் திரட்டும் வேலையை இம்மாதமே தொடங்கலாம் என்பது நம் கருத்து. தென்னையில் வெள்ளை ஈ, மஞ்சளின் விலை வீழ்ச்சி, சாயக் கழிவு நீர், கோரா நூலின் விலை, தறியேற மறுக்கும் பிள்ளைகள் என்று அங்கத்தினர் மனத்தில் இருப்பவை பல. எதுவாயினும் ஒரு கேள்விக்கு ஒரு தாள் என்று எழுதி, பெயரும் அங்கத்தினர் எண்ணும் குறித்து, பேரவைக்கு ஒரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். எழுத இயலாதவர்கள் நேரில் வந்து சொன்னால் அலுவலகத்தில் எழுதிக்கொள்வார்கள். சாமைக்கு உமி நீக்கும் சிறு இயந்திரம் பற்றிய கேள்வியை முதல் தாளாக நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம்.